கட்டுகிற காசும் காக்கிற காசும் - ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதிகளின் கதை

மதுரையில் தென்காசி பஸ் ஏறினால் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டரில் ராஜபாளையம். ஒன்று ஆண்டாள் கோவிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர் போன ஊர். மற்றது நூற்பாலைகளுக்கும் வேட்டை நாய்க்கும் பெயர் போன ஊர். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம்தான். ஆனால் இரண்டு ஊர்களின் தெருக்களும் வளர்ந்த விதம் முற்றிலும் வேறு.

1901-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் இரண்டு ஊர்களும் ஏறக்குறைய சமம். ஒவ்வொன்றிலும் 25,000-ஐ ஒட்டிய மக்கள். 2011-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர், ராஜபாளையத்தில் 1,30,442 பேர். அதாவது நூறு வருடத்தில் ஒன்று மூன்று மடங்கு, மற்றது ஐந்து மடங்கு. இவ்வளவு வித்தியாசம் இருந்தும் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மாதிரி புலம்புகிற விஷயம் ஒன்று உண்டு. வேறென்ன, ரோடுதான்!

காமர்ஸ் பாடத்தில் முதல் வருடமே சொல்லித் தருகிற ஒரு வேறுபாடு இங்கே உதவும். மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. ஒரு மெஷினை வாங்குவது முதல் வகை. அந்த மெஷினுக்கு எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது இரண்டாவது வகை. தெருவும் அப்படித்தான். தெருவைப் போடுகிற காசு ஒன்று. போட்ட தெருவைக் காப்பாற்றுகிற காசு இன்னொன்று. இந்த இரண்டு ஊர்களின் சரித்திரத்தைப் பார்த்தால், இரண்டாவது காசுக்கு வழி செய்த இடத்தில் எல்லாம் காரியம் நின்றிருக்கிறது. அதை மறந்த இடத்தில் எல்லாம் குழிதான் மிச்சம்.

தேருக்காகப் போட்ட தெரு

ஸ்ரீவில்லிபுத்தூரில் நகர அமைப்பு என்ற வார்த்தை வருவதற்கு முன்பே நகர அமைப்பு இருந்தது. நடுவில் கோவில், அதைச் சுற்றி நான்கு ரத வீதிகள், அவற்றில் இருந்து பிரியும் தெருக்கள். 11 நிலையும் 192 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம் தூரத்திலேயே வழி காட்டும். ஸ்ரீரங்கம், மதுரை, திருநெல்வேலி எல்லாவற்றுக்கும் இதே முறைதான் அடிப்படை.

ரத வீதி ஏன் அகலம்? அழகுக்காக இல்லை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று வருடத்துக்கு ஒரு முறை, ஆடிப்பூரத்தன்று, அந்த வழியாகப் போய்த் திரும்பி நிலைக்கு வர வேண்டும். தேர் முனையில் திரும்புவதற்கு இடம் வேண்டும். கீழே பள்ளம் இருந்தால் சக்கரம் இறங்கிவிடும். ஆகவே தெருவை ஆக்கிரமிக்கவும் முடியாது, குண்டும் குழியுமாக விடவும் முடியாது. மரச் சக்கரக் காலத்தில் தேர் நிலைக்கு வர நாள் கணக்கில் ஆனது. சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள் வந்து வடம் பிடித்தார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் தெருவின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் தெரிந்து வைத்திருந்தார்கள். இன்றும் ஆடி மாதம் வந்தால் ரோட்டைச் சரி செய்வது, குறுக்கே போகும் மின்கம்பிகளைக் கவனிப்பது எல்லாம் நடந்தே ஆக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது பக்தி மட்டும் இல்லை. ரத வீதிக்கு ஒரு வருடாந்திரப் பரீட்சை இருக்கிறது. தேதி முன்கூட்டியே தெரியும், தள்ளிப் போட முடியாது, ஊரே பார்க்கும். அதனால்தான் அந்தத் தெருவுக்குப் பராமரிப்பு தப்பாமல் கிடைத்தது. அதே ஊரில் தேர் போகாத சந்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

தெரு யாருக்குச் சொந்தம்?

பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்துகொண்டே போனால் பாதிக் கதைதான் சொன்னதாகும். கோவில் ஊர்களின் அகலமான தெருக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பக்கத்திலேயே கழுகுமலை இருக்கிறது. அங்கே ரத வீதியில் நாடார் சமூகத்தினர் ஊர்வலம் போகலாமா கூடாதா என்று பல வருடங்கள் வழக்கு நடந்தது. அந்த வீதிகள் பொதுவா, எட்டயபுரம் ஜமீனின் பொறுப்பில் உள்ள கோவில் சொத்தா என்பதே கேள்வி. 1895-இல் அது பெரிய கலவரமாக வெடித்து உயிர்கள் போயின. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோவில் வாசலே அடைத்துத்தான் இருந்தது. மதுரையில் 1939 ஜூலையில் நடந்த ஆலயப் பிரவேசமும், அதே வருடத்துச் சட்டமும், 1947-இல் வந்த சட்டமும்தான் அந்த நிலையைச் சட்டப்படி மாற்றின.

இந்த இடத்தில்தான் நகராட்சி என்ற ஏற்பாட்டின் முக்கியத்துவம் புரியும். 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றித் தீர்மானம் கொண்டு வந்தார். 1884-இல் சென்னை மாகாணத்துக்கு நகராட்சிச் சட்டம் வந்தது. அதன்படி பொதுத் தெருக்கள் நகராட்சியின் பொறுப்பில் வந்தன. ஜமீனோ, தேவஸ்தானமோ, தெருவில் குடியிருக்கும் சாதியோ உரிமையாளர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் 1894-இல் நகராட்சி ஆனது. காகிதத்தில் வந்த உரிமை காலில் வர ரொம்ப காலம் பிடித்தது என்பது வேறு விஷயம். ஆனாலும் தெரு பொதுச் சொத்து என்ற எண்ணம் சட்டத்தில் ஏறியதே ஒரு பெரிய மாற்றம்தான்.

நூலகத்துக்கு ஒரு மார்க்கெட்

நகராட்சி வருவதற்கு முன்பே ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு காரியம் நடந்திருந்தது. 1875-இல் அங்கே ஒரு பொது நூலகம் தொடங்கினார்கள். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது (ராமநாதபுரம் ஜில்லா உருவானது 1910-இல்தான்). கலெக்டராக இருந்த பென்னிங்டன் பெயரே நூலகத்துக்கு வைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பழமையான பொது நூலகங்களில் ஒன்று அது. சென்னை கன்னிமாரா நூலகம் 1896-இல்தான் திறக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

நூலகம் தொடங்குவது பெரிய விஷயம் இல்லை. எத்தனையோ ஊரில் ஆர்வத்தில் தொடங்கி, நாலு வருடத்தில் கரையான் தின்று போயிருக்கின்றன. பென்னிங்டன் நூலகம் நின்றதற்குக் காரணம் அதற்கென்று சொந்தமாக வருமானம் இருந்தது. ஊரில் பென்னிங்டன் மார்க்கெட் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். காய்கறி வாங்கப் போகிற இடம். அந்த மார்க்கெட்டும் கடைகளும் நூலகக் கமிட்டியின் சொத்து. கடைக்காரர் கொடுக்கும் வாடகையில் பத்திரிகையும் புத்தகமும் வாங்கப்படுகின்றன. கத்தரிக்காய் விற்கிறவருக்குக் கூரை கிடைத்தது, படிக்கிறவருக்குப் புத்தகம் கிடைத்தது.

இந்த யோசனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் சொந்தம் இல்லை. அதே 1875-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர மேயர் ஜோசப் சேம்பர்லின், அந்த ஊரில் விளக்கு எரிக்கும் காஸ் விற்ற தனியார் கம்பெனிகளை நகராட்சியே வாங்கும்படி செய்தார். காஸ் விற்ற லாபம் நகரத்தின் கஜானாவுக்கு வந்தது. வரியை ஏற்றாமலே ஊருக்கு வேண்டியதைச் செய்ய ஒரு வழி கிடைத்தது. பிறகு குறுகலான குடியிருப்புகளை இடித்து கார்ப்பரேஷன் தெரு என்ற கடைவீதியையே புதிதாகப் போட்டார்கள். (இடித்த இடத்தில் இருந்த ஏழைகளுக்குச் சரியான மாற்று இடம் கிடைக்கவில்லை என்ற குறையும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது.) அளவில் பர்மிங்காம் எங்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கே! ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒரு பொதுக் காரியத்தைத் தொடங்கும்போதே அதற்கு ஒரு வருமானத்தைக் கட்டி விடுவது.

மில் வந்த ஊர்

ராஜபாளையத்தின் கதை வேறு மாதிரி. ஒரு கோவிலைச் சுற்றிச் சதுரமாக அமைந்த ஊர் இல்லை அது. விஜயநகரக் காலத்துக்குப் பிறகு ஆந்திரப் பகுதியில் இருந்து வந்த ராஜுக்கள் குடியேறிய பழையபாளையம், புதுப்பாளையம் போன்ற குடியிருப்புகள் தனித்தனியாக வளர்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, பிறகு ஊரானது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவடி, தனிக் கோவில், தனித் தெருக்கள். இவற்றை எல்லாம் இணைத்தது தென்காசிக்குப் போகும் ஒரே ரோடு. இன்றைக்கும் ராஜபாளையத்தின் போக்குவரத்துச் சிக்கலுக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

ஊரை மாற்றியவை இரண்டு. ஒன்று ரயில். 1927-இல் விருதுநகர் - தென்காசி பாதை திறக்கப்பட்டது. செங்கோட்டை - கொல்லம் பாதை 1904-லேயே வந்துவிட்டதால், கரிசல் பூமியின் பருத்திக்கு ஒரு பக்கம் கேரளக் கரையும் மறுபக்கம் மதுரையும் திறந்தன. அடுத்தது மின்சாரம். 1930களில் பைக்காரா, 1944-இல் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வந்தபோது தென் மாவட்டங்களில் ஆலைத் தொழில் வேகம் பிடித்தது.

இந்தச் சமயத்தில் 1936-இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு மூலதனத்தில் அமைந்த லிமிடெட் கம்பெனி. பருத்தியை மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊர், அதை நூலாக்கி அனுப்பத் தொடங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மில்கள் வந்தன. பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளில் பேண்டேஜ் துணி நெசவு ஒரு பெரிய தொழிலாக வளர்ந்தது. பஞ்சு மார்க்கெட் என்பது இன்றும் ஊரின் முக்கியமான பஸ் ஸ்டாப்பின் பெயர்.

தொழிலில் சம்பாதித்தவர்கள் ஊருக்கும் செய்தார்கள். 1963-இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா பெயரில் பாலிடெக்னிக், 1973-இல் ராஜுக்கள் கல்லூரி என்று கல்வி நிலையங்கள் வந்தன. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், பிறகு ஒரிசாவின் கவர்னராகவும் இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தான் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். மாகாணத்தை ஆண்டவர் ஊருக்கு விட்டுப்போனது ஒரு கலை மன்றம்!

ஆனால் நன்கொடையில் கல்லூரி வரும், மண்டபம் வரும், நூலகம் வரும். சாக்கடை வருமா? தெருவுக்கு அடியில் போகும் குழாய்க்கு யாரும் பெயர்ப் பலகை வைக்க முடியாது. தனியார் தர்மத்தால் நிறைய பெற்ற ஊரில்கூட, தர்மம் எட்டாத இடம் ஒன்று இருந்தது. அது தெரு.

விருதுநகர் காட்டிய வழி

தெருவுக்கும் சாவடிக்கும் வியாபாரிகளே பணம் போட்ட உதாரணம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. விருதுநகரில் நாடார் வியாபாரிகள் மகமை என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். வியாபாரம் ஆகும் சரக்கின் மீது ஒரு சிறு தொகை பொதுவுக்கு. லாபம் வந்தால் பார்க்கலாம் என்று இல்லை, மூட்டை நகர்ந்தாலே மகமை. அந்தப் பணத்தில் பேட்டை, கிணறு, கோவில் எல்லாம் நடந்தன. 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைப் பள்ளியும் இந்த வழியில் நின்றதுதான். வீடுகளில் இருந்து பிடியரிசியும் வசூலானது. காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்.

மகமைக்கும் ஒரு எல்லை உண்டு. அது ஒரு சமூகத்தின் வசூல், அந்தச் சமூகத்தின் நிர்வாகம். ஊர் முழுவதற்கும் பொதுவான வசூல், எல்லோரும் ஓட்டுப் போட்டு அமைக்கும் நிர்வாகம் என்று வந்தால் அது நகராட்சி வரிதான்.

நகராட்சியின் கல்லாப்பெட்டி

ஒரு நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரி என்று சொல்லப்படும் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், நகராட்சிக் கடைகளின் வாடகை, பஸ் ஸ்டாண்டுக்குள் வரும் பஸ்களின் கட்டணம், மார்க்கெட் குத்தகை. மேலே இருந்து மாநில அரசின் பங்கும் மத்திய நிதிக்குழு மானியமும் வரும். பஸ் ஸ்டாண்டும் தினசரி மார்க்கெட்டும் வெறும் வசதிகள் இல்லை, வருமானம் தரும் சொத்துகள் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும். பென்னிங்டன் மார்க்கெட் கணக்குதான் இங்கேயும்.

இதில் முதுகெலும்பு சொத்து வரி. தமிழ்நாட்டின் நகராட்சிகளில் அது 2008-இல் திருத்தப்பட்டது. அதன்பிறகு 2018-இல் உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். மறுபடி உயர்ந்தது 2022-இல். இடையில் 14 வருடம்! அந்த 14 வருடத்தில் தார் விலை, டீசல் விலை, துப்புரவுப் பணியாளர் சம்பளம் எதுவும் சும்மா இருக்கவில்லை. வரி ஏறாவிட்டால் மக்களுக்கு லாபம் என்று தோன்றும். உண்மையில் அது பராமரிப்பில் இருந்து எடுத்த கடன். வட்டியோடு குழியாகத் திரும்பி வரும்.

ஒரு மில் தன் கணக்கில் மெஷினுக்குத் தேய்மானம் கழித்த பிறகுதான் லாபம் என்கிறது. தெருவும் தேய்கிறது. ஆனால் அதைப் புதுப்பிக்க என்று வருடா வருடம் பணம் ஒதுக்கி வைப்பது அபூர்வம். முழுவதும் பாழானதும் ஒரு திட்டம் அறிவிப்பார்கள். திட்டம் என்றால் மூலதனச் செலவு, கல்வெட்டு, திறப்பு விழா. பராமரிப்புக்குத் திறப்பு விழா கிடையாதே!

ஒரே தெரு, மூன்று தோண்டல்

ராஜபாளையத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து இறங்கும் முடங்கியாற்றுத் தண்ணீர்தான் பழைய ஆதாரம். அய்யனார் கோவில் போகும் வழியில் உள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் இருந்து ஊருக்குத் தண்ணீர் வந்தது. மக்கள்தொகை லட்சத்தைத் தாண்டிய பிறகு அது போதவில்லை. எனவே தாமிரபரணி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கூடவே பாதாள சாக்கடைத் திட்டம். கூடவே சத்திரப்பட்டி ரோட்டில் ரயில்வே மேம்பாலம். மூன்றும் தேவையானவைதான். ஆனால் மூன்றும் 2010களின் கடைசியில் ஒரே காலத்தில் நடந்தன. ஒரு குழாய்க்குத் தோண்டிய தெருவை இன்னொரு குழாய்க்கு மறுபடி தோண்டினார்கள். ரயில்வே கேட் வழியை மூடியதால் வண்டிகள் சந்து பொந்தெல்லாம் சுற்றின. கடைவீதியில் தூசியும் சேறும் மாறி மாறி. வாடிக்கையாளர் வர முடியாத கடைக்கு அந்த மாதங்கள் சும்மா கழிந்தன. வாடகை மட்டும் சும்மா கழியவில்லை.

இதை வெறும் அதிகாரிகளின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அமைப்பிலேயே சிக்கல் இருக்கிறது. மேம்பாலம் என்றால் ரயில்வேயும் நெடுஞ்சாலைத் துறையும். கூட்டுக் குடிநீர் என்றால் குடிநீர் வடிகால் வாரியம். ஊரின் பெரிய கடைவீதியான தென்காசி ரோடு தேசிய நெடுஞ்சாலை. (முன்பு 208, இப்போது 744.) அதாவது ஊரின் பிரதான வியாபாரத் தெருவே நகராட்சியின் கையில் இல்லை. சாக்கடை அடைத்தால் மட்டும் நகராட்சியைத்தான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்கிறது. தமிழ்நாட்டில் 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. இடைப்பட்ட 5 வருடத்துக்கும் மேலான காலம் தனி அதிகாரிகளின் ஆட்சி. ராஜபாளையத்தின் தெருக்கள் வரிசையாகத் தோண்டப்பட்டது இந்தக் காலத்தில்தான். 'என் வார்டில் முதலில் குழாயைப் போடு, பிறகு ரோட்டைப் போடு' என்று மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. கவுன்சிலர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்க ஆள் இருந்திருக்கும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு' சின்ன விஷயம் இல்லை.

இனி?

2020களில் திருமங்கலம் - ராஜபாளையம் நான்கு வழிச்சாலை வேலை தொடங்கியது. ஊர்களுக்குள் நுழையாமல் வெளியே போகும் பாதை. கேரளா போகும் லாரிகள் கடைவீதிக்குள் வராவிட்டால் இரண்டு ஊருக்கும் நிம்மதிதான். ஆனால் பைபாஸ் வந்த ஊர்களில் எல்லாம் நடக்கிற இன்னொன்றும் நடக்கும். டீக்கடையும் லாட்ஜும் பைபாஸ் பக்கம் நகரும். பழைய கடைவீதி தன் ஊர்க்காரர்களை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டி வரும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவை வாங்க பஸ் பயணி ஊருக்குள் இறங்க வேண்டும் என்றால், ஊருக்குள் நடக்க ஒரு நடைபாதையாவது வேண்டும்.

இரண்டு ஊர்களும் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ராஜபாளையம் பணத்தைத் திரட்டத் தெரிந்த ஊர். ஸ்ரீவில்லிபுத்தூர், கட்டியதைக் காப்பாற்ற ஒரு வழியும் ஒரு தேதியும் வைத்திருந்த ஊர். அடுத்த முறை ஏதாவது ஒரு ஊரில் இத்தனை கோடியில் சாலைத் திட்டம் என்று பேப்பரில் வந்தால், கோடியைப் பார்த்து அசந்து போக வேண்டாம். திறப்பு விழா முடிந்த மறுவருடம் இதற்கு யார் காசு கொடுப்பார்கள், எந்த வருமானத்தில் இருந்து, கேட்கிற உரிமை யாருக்கு? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் அந்தத் தெரு நிற்கும். இல்லாவிட்டால் அடுத்த மழை வரைக்கும்தான்.